பின் ஹப் பேரிங் மாற்றம்: செயின் பக்கம் ஒரு விதி, ரோட்டர் பக்கம் வேறு விதி

மலைப்பாதை சைக்கிளின் பின் ஹப்பில் (சக்கரத்தின் நடுக்கூடு) நான்கு பேரிங்கும் புதிது. த்ரூ ஆக்ஸிலை (ஹப்பின் நடுவே நுழைந்து சக்கரத்தைச் சட்டத்தோடு பிடிக்கும் தண்டு) 12 நியூட்டன் மீட்டரில் இறுக்கி, செயினை ஒதுக்கிவிட்டுப் பின் சக்கரத்தைச் சுழற்றினால் மூன்று சுற்றில் நின்றுவிட்டது. பிரேக் உராயவில்லை; காலிப்பரையே கழற்றிப் பார்த்தாயிற்று. துருவேறிய பழைய பேரிங்கோடு இதே சக்கரம் எட்டு, ஒன்பது சுற்று ஓடியது. மறுபடியும் பிரித்து, இன்னும் இரண்டு பேரிங் வாங்கிப் போட்ட பிறகுதான் சரியானது. தவறு எங்கே நடந்தது, எந்த அளவு எவ்வளவு என்பதை மறக்கும் முன் எழுதி வைக்கிறேன். இதே வகை ஹப் வைத்திருப்பவர்களுக்கு அந்த இரண்டு பேரிங்கின் காசாவது மிஞ்சட்டும்.

சக்கரம் 29 அங்குலம். ஹப் அகலம் 148 மிமீ, த்ரூ ஆக்ஸில் 12 மிமீ, அதாவது பூஸ்ட் எனப்படும் அளவு. ஆறு போல்ட் ரோட்டர் (டிஸ்க் பிரேக்கின் தட்டு), அலுமினிய எச்ஜி வகை ஃப்ரீஹப் (கேசட் என்ற பல்சக்கர அடுக்கைத் தாங்கி, மிதிக்காதபோது சக்கரத்தைத் தடையின்றி ஓடவிடும் உருளை), உள்ளே ஒரு திசையில் மட்டும் பற்றும் நான்கு நாக்குள்ள ராட்செட். ஹப் கூட்டில் இரண்டு 6902 பேரிங், ஃப்ரீஹப்புக்குள் இரண்டு 6802. 6902 என்றால் உள்விட்டம் 15, வெளிவிட்டம் 28, அகலம் 7 மிமீ. 6802 என்றால் 15, 24, 5. எந்த நிறுவனம் செய்தாலும் இந்த அளவுகள் மாறாது. கடையில் எண்ணை மட்டும் சொன்னால் போதும். எண் சீல் மேலோ வளையத்தின் முகத்திலோ இருக்கும். துருவில் அழிந்திருந்தால் வெர்னியர் காலிப்பரால் மூன்று அளவையும் எடுத்துக்கொள்ளுங்கள். 17, 30, 7 என்று வந்தால் உங்களுடையது 6903.

மாற்ற வேண்டுமா?

சக்கரம் வண்டியில் இருக்கும்போதே ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் முதலில் த்ரூ ஆக்ஸில் இறுக்கத்தைச் சரிபார்க்க வேண்டும். முழு சஸ்பென்ஷன் வண்டியானால் பின் கையின் மூட்டு பேரிங்கிலும் அந்த ஆட்டம் இருக்கலாம். அதன் பிறகு சக்கரத்தைக் கழற்றி, ஆக்ஸில் ஓட்டையில் விரலை விட்டு மெல்லத் திருப்புங்கள். வேகமாகச் சுழற்றினால் ஒன்றும் தெரியாது. மெல்லத் திருப்பும்போதுதான் மணல் அரைபடுவது போன்ற கரகரப்பு விரலுக்குத் தெரியும். கேசட்டைப் பிடித்து ஆட்டினால் ஃப்ரீஹப் லேசாக அசைவது பல ஹப்பில் இயல்பு. அதை மட்டும் பார்த்துப் பேரிங் வாங்க வேண்டியதில்லை.

இந்த ஹப்பில் ரோட்டர் பக்கத்து மூடியை இழுத்ததும் பழுப்புக் குழம்பு வழிந்தது. செயின் பக்கத்தில் அவ்வளவு இல்லை. சிங்கப்பூரின் செஸ்ட்நட், புக்கிட் தீமா காட்டுப்பாதைகளில் ஓடும் வண்டிக்கு இது வழக்கமான நோய். அங்குள்ள செம்மண் நனைந்தால் மாவு போலக் குழைந்து சீல் இடுக்கில் அப்பிக்கொள்ளும். காய்ந்தபின் உப்புத்தாள் போல சீல் விளிம்பைத் தேய்க்கும். தேய்ந்த சீலைத் தாண்டித் தண்ணீர் போக அதிக நேரம் ஆகாது. அதைவிடக் கேடு, சவாரி முடிந்த கையோடு குழாயை ஹப்பின் பக்கவாட்டில் நேராகப் பிடிப்பது. வெயிலிலும் பிரேக் சூட்டிலும் காய்ந்த ஹப்பில் குளிர்ந்த நீர் படும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கும். சீல் இடுக்கில் நிற்கும் நீர் உள்ளே இழுபடும். ரோட்டர் பக்கம் முதலில் கெட்டதற்கு எனக்குத் தோன்றும் காரணம் இதுதான். புலாவ் உபின் தீவுக்குப் போய் வருகிற வண்டியானால் கடலுப்பும் சேர்ந்துகொள்ளும்.

வாங்கியவை

சீல் வகையில் கஞ்சத்தனம் வேண்டாம். 2ஆர்எஸ் என்றால் இரு பக்கமும் ரப்பர் சீல். இசட்இசட் என்றால் வெறும் தகட்டு மூடி, நம் ஊர் சேற்றுக்கு அது ஆகாது. ரப்பரிலும் தொடு சீல், தொடாத சீல் என்று இரு வகை உண்டு. என்டிஎன் பேரிங்கில் எல்எல்யூ என்பது தொடு சீல், எல்எல்பி தொடாதது. என்எஸ்கே பேரிங்கில் டிடியூ தொடு சீல், விவி தொடாதது. மலைப்பாதை வண்டிக்குத் தொடு சீல்தான் வேண்டும். கையில் திருப்பும்போது கொஞ்சம் இறுக்கமாகத் தெரியும். ஓட்டும்போது அந்த வித்தியாசம் காலுக்குத் தெரியாது. ஏபெக் எண்ணைக் காட்டி விலை ஏற்றினால் பொருட்படுத்தாதீர்கள். அது செய்நேர்த்தியின் துல்லியத்தைச் சொல்லும் எண். 29 அங்குலச் சக்கரம் மணிக்கு 20 கிமீ வேகத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 145 சுற்றுதான் சுற்றுகிறது. அந்த வேகத்தில் இந்தத் துல்லியத்துக்கு வேலை இல்லை. குண்டுகளை நெருக்கி அடுக்கிக் கூண்டே இல்லாமல் வரும் வகை சஸ்பென்ஷன் மூட்டுக்கானது, ஹப்புக்கு அல்ல. உபினுக்கு அடிக்கடி போகிறவர்கள் துருப்பிடிக்காத எஃகு பேரிங் போடலாம். விலை கூடுதல், தாங்கும் பாரம் சற்றுக் குறைவு, ஆனால் உப்பைத் தாங்கும்.

இவை எல்லாம் ஜாலான் புசார் வட்டாரத்துத் தொழிற்கருவிக் கடைகளில் கிடைத்தன. 6902 ஒன்று 9 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), 6802 ஒன்று 8 வெள்ளி. ஒரு மீட்டர் எம்10 மரைக்கம்பி 5 வெள்ளி, நட்டும் வாஷரும் சேர்த்து 3 வெள்ளி. உட்புற சர்க்ளிப் (பேரிங் நழுவாமல் பிடிக்கும் வளையக் கவ்வி) பிளையர் 12 வெள்ளி, படகுகளுக்குப் போடும் நீர் தாங்கும் கிரீஸ் ஒரு டியூப் 14 வெள்ளி. வெர்னியர் காலிப்பர், சாக்கெட் தொகுப்பு, கேசட் கழற்றும் கருவி, கேசட்டைத் திரும்பாமல் பிடிக்கும் செயின் விப், டி25 சாவி ஆகியவை ஏற்கெனவே இருந்தன. பேரிங் அழுத்துவதற்கென்றே விற்கும் கருவித் தொகுப்பு வாங்கவில்லை. அதற்கு ஆகும் விலைக்கு மூன்று சக்கரத்துக்குப் பேரிங் மாற்றிவிடலாம்.

பிரித்தது

முதலில் ரோட்டர். கிரீஸ் கையோடு அதைத் தொடக் கூடாது என்பதால் கழற்றிய உடனே செய்தித்தாளில் சுற்றி வேறு அறையில் வைத்துவிடுங்கள். அடுத்து கேசட். அலுமினிய ஃப்ரீஹப்பின் வரிகளில் கேசட் பற்கள் கடித்த தழும்பு இருந்தால், கேசட்டைப் பின்னோக்கித் தட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். அந்தப் பிசிறுகளை அப்போதே தட்டை அரத்தால் நீவிவிடலாம்.

மூடிகள் இரண்டும் ஓ-ரிங் பிடிப்பில் நிற்பவை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் பட்டறைப் பிடிப்பு (வைஸ்) இருக்காது. பழைய டியூப்பை மூடிமேல் இரண்டு சுற்றுச் சுற்றி, பிளையரால் பிடித்துத் திருகியபடி இழுத்தால் வந்துவிடும். செயின் பக்கத்து மூடி வந்ததும் ஃப்ரீஹப்பும் கூடவே வழுக்கி வரும். அதை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டு இழுங்கள். நாக்குகளுக்கு அடியில் உள்ள ஸ்பிரிங் தெறித்தால் பைக்குள்ளேயே விழும். சோஃபாவுக்கு அடியில் தேட வேண்டியதில்லை. நாக்குகள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கின்றன என்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கூட்டிலிருந்து பேரிங்கை எடுக்கத் தனிக் கருவி வேண்டாம், ஹப்புக்குள்ளேயே இருக்கும் குழாய் ஆக்ஸிலே போதும் (த்ரூ ஆக்ஸில் இதன் உள்ளே நுழைவது). இந்த ஆக்ஸிலின் நடுப்பகுதி தடிமனானது. இரு முனையும் 15 மிமீக்கு மெலிந்து, மெலியும் இடத்தில் ஒரு படி இருக்கிறது. பேரிங்கின் உள்வளையம் அந்தப் படியில்தான் மோதி நிற்கும். சக்கரத்தை ரோட்டர் பக்கம் கீழே வரும்படி வைத்து, ஹப்பின் விளிம்புக்கு அடியில் இரண்டு மரக்கட்டை கொடுத்து, மேலே தெரியும் ஆக்ஸில் முனையை ரப்பர் சுத்தியலால் அடித்தால், ரோட்டர் பக்கத்து பேரிங்கைத் தள்ளிக்கொண்டு ஆக்ஸில் வெளியே வரும். பிறகு சக்கரத்தைத் திருப்பிப் போட்டு, ஆக்ஸிலை எதிர்ப்பக்கத்திலிருந்து நுழைத்து அடித்தால் செயின் பக்கத்து பேரிங்கும் வந்துவிடும். ஆறேழு அடி விழும். தரை வழியே அந்தச் சத்தம் கீழ்வீட்டுக்கு அப்படியே இறங்கும். பகலில், புளோக்கின் கீழ்த்தளத்தில் அட்டை விரித்துச் செய்வது நல்லது.

இப்படி எடுத்த பேரிங்கைத் திரும்பப் போடக் கூடாது. உள்வளையத்தை அடித்து வெளிவளையத்தைக் கழற்றியிருக்கிறோம். அடி முழுக்கக் குண்டுகள் வழியாகத்தான் போயிருக்கிறது. நல்ல நிலையில் இருந்த பேரிங்கும் அதில் வடுப்படும். சுத்தம் செய்து கிரீஸ் மட்டும் மாற்றுவதாக இருந்தால், கழற்றாமல் கூட்டில் வைத்தே மெல்லிய கத்தியால் சீலை உள்வளைய ஓரத்தில் நெம்பி எடுத்துச் செய்ய வேண்டும்.

பேரிங் வந்தபின் கூட்டின் உட்புறத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, பேரிங் உட்காரும் மேடையை விரல் நகத்தால் சுற்றிலும் தடவிப் பாருங்கள். ஒரு மணல் துகள் அங்கே ஒட்டியிருந்தாலும் பேரிங் சாய்ந்து உட்காரும். புது பேரிங்கை விரலால் வைத்து அழுத்திப் பாருங்கள். முழுக்கக் கையாலேயே இறங்கிவிட்டால் கூடு தேய்ந்துவிட்டது என்று பொருள். அப்போது லாக்டைட் 641 போன்ற, மறுபடி கழற்ற இடம்தரும் பிடிமான ஒட்டுதிரவம் கொஞ்ச காலம் தாங்கும். இந்தக் கூட்டில் பேரிங் ஓரமே நுழைய மறுத்தது. நல்ல அறிகுறி.

உறைபெட்டி வேண்டாம்

பேரிங்கை உறைபெட்டியில் வைத்துச் சுருக்கிவிட்டுப் போடு என்பது பல இடங்களில் சொல்லப்படும் யோசனை. குளிர்நாட்டில், காய்ந்த காற்றில் அது சரிப்பட்டு வரலாம். இங்கே செய்தபோது, வெளியே எடுத்த அரை நிமிடத்தில் பேரிங் ஐஸ் மைலோ குவளை போல வியர்த்தது. சிங்கப்பூரில் காற்றின் பனிநிலை பெரும்பாலும் 24 பாகை அளவில் நிற்கிறது. அதைவிடக் குளிர்ந்த எந்தப் பொருளிலும் நீர் படியும். வெளியே படிந்ததைத் துடைக்கலாம், சீலுக்குள்ளே குண்டுகளின் மேல் படிந்ததை என்ன செய்வது? தண்ணீர் புகுந்து செத்த பேரிங்கை மாற்றப் போய், புதியதற்கு நாமே தண்ணீர் ஊற்றியது போலாயிற்று. சீலைத் திறந்து, முடி உலர்த்தியால் காயவைத்து, கிரீஸ் புதிதாக வைக்க வேண்டி வந்தது.

கணக்குப் போட்டாலும் அது வீண் வேலை. எஃகு வளையம் 30 பாகையிலிருந்து கழித்தல் 15-க்குப் போனால் 28 மிமீ விட்டத்தில் 0.015 மிமீதான் சுருங்கும். அலுமினியக் கூட்டை 30-லிருந்து 70 பாகைக்குச் சூடாக்கினால் துளை 0.026 மிமீ விரியும். கூட்டைச் சூடாக்குவதுதான் வழி. முடி உலர்த்தியை ஆறு, ஏழு நிமிடம் ஹப் விளிம்பில் மட்டும் பிடித்தால் போதும். சூட்டை அகச்சிவப்பு வெப்பமானியால் பார்ப்பதானால் பளபளக்கும் அலுமினியத்தில் நேராகக் காட்டாதீர்கள். மிகக் குறைவாகக் காட்டும். ஹப்பில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி அதன்மேல் பார்க்க வேண்டும்.

திறந்தது திறந்தாயிற்று என்று நான்கு பேரிங்கிலும் கிரீஸ் சேர்த்தேன். ஆலையிலிருந்து வருவதில் உள்ளிடத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் கிரீஸ் இருந்தது. அதிவேக மோட்டாருக்கு அது சரி. நிமிடத்துக்கு 145 சுற்றுக்கு முக்கால்வாசி நிரப்பினாலும் சூடேறாது. நீர் புகவும் இடம் குறையும்.

அழுத்தியது, கெட்டது

எம்10 மரைக்கம்பியை 300 மிமீக்கு வெட்டி, இரு முனையிலும் நட்டு. செயின் பக்கத்து பேரிங் முதலில். வெளிவளையத்தை மட்டும் தொடும்படி 26.4 மிமீ வெளிவிட்டமுள்ள சாக்கெட்டை அதன்மேல் வைத்தேன் (என்னிடம் இருந்த தொகுப்பில் அது 19 மிமீ சாக்கெட், வாங்கும் நிறுவனத்தைப் பொறுத்து மாறும், அளந்து எடுங்கள்). எதிர்ப்பக்கத்தில் கூட்டின் முகத்துக்கு ஓட்டை போட்ட மரக்கட்டை. எம்10 மரையில் ஒரு சுற்றுக்கு 1.5 மிமீ நகரும். மேடை 9.60 மிமீ ஆழத்தில் இருப்பதால் ஆறரைச் சுற்றுக்குச் சற்றுக் குறைவாக வர வேண்டும். சுற்றை எண்ணிக்கொண்டே திருப்பினால் எங்கே இருக்கிறோம் என்பது தெரியும். முதல் அரைச் சுற்றில் பேரிங் சாய்கிறதா என்று நாலு பக்கமும் பாருங்கள். சாய்ந்தால் நிறுத்தி, தட்டி எடுத்து, மறுபடி வையுங்கள். சாய்ந்ததை இழுத்து நேராக்க முயன்றால் கூடுதான் கீறும். மேடையில் அமர்ந்ததும் ஸ்பேனர் சட்டென்று கனக்கும். அங்கே நிறுத்த வேண்டும்.

இது வரை சரி. பிறகு ஆக்ஸிலை நுழைத்து, ரோட்டர் பக்கத்து பேரிங்கையும் அதே சாக்கெட், அதே விதத்தில், வெளிவளையம் மேடையில் போய் மோதும்வரை அழுத்தியதுதான் பிழை.

கையில் திருப்பியபோது சற்று இறுக்கமாக இருந்தது. புது சீல் என்று நினைத்து விட்டுவிட்டேன். வண்டியில் போட்டுத்தான் மூன்று சுற்றில் நிற்பது தெரிந்தது. ஆக்ஸில் முனையை ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டினால் பேரிங் ஒரு மயிரிழை வெளியே வந்து இறுக்கம் விடும் என்ற வைத்தியம் உண்டு. தட்டினேன், இறுக்கம் விட்டது, ஆனால் மெல்லத் திருப்பும்போது சீரான இடைவெளியில் கட்டை கட்டையாகத் தடுக்கியது. அந்த பேரிங்கைக் கழற்றிக் கூண்டை வெட்டிப் பார்த்தால், ஓடுபாதையின் நடுவில் இல்லாமல் ஒரு ஓரமாக, குண்டுக்கு ஒன்றாகச் சின்னச் சின்னப் பளபளப்புக் குழிகள். பக்கவாட்டு அழுத்தத்தில் குண்டுகள் பதிந்த தடம் அது. அந்தக் குழி விழுந்தபின் எந்த வைத்தியமும் பலிக்காது.

காரணத்தை அளந்து பார்த்தேன். கூட்டின் முகத்திலிருந்து முகம் 62.40 மிமீ. செயின் பக்க மேடையின் ஆழம் 9.60, ரோட்டர் பக்கமும் 9.60. கழித்தால் இரு மேடைக்கும் நடுவே 43.20. ஆக்ஸிலில் படியிலிருந்து படி 43.35. ஆக்ஸில் 0.15 மிமீ கூடுதல் நீளம். செயின் பக்கம் முழுக்க உட்கார்ந்தபின், ரோட்டர் பக்கத்து உள்வளையம் ஆக்ஸில் படியில் மோதி நிற்கும்போது வெளிவளையத்துக்கும் மேடைக்கும் இடையே 0.15 மிமீ சந்து மிச்சம் இருக்க வேண்டும். நான் அந்தச் சந்தை மூடிவிட்டேன். உள்வளையம் நகர முடியாமல் நிற்க, வெளிவளையம் மட்டும் உள்ளே போக, நடுவில் குண்டுகள் நசுங்கின. நட்டில் அது பத்தில் ஒரு சுற்று. ஸ்பேனரைப் பிடித்த கைக்கு அது தெரியவே இல்லை.

இந்த நீளம் ஹப் செய்தவரின் பிசகு அல்ல, வேண்டுமென்றே விட்டது. ஆக்ஸில் குட்டையாக இருந்தால் த்ரூ ஆக்ஸிலை இறுக்கும்போது உள்வளையங்கள் இரண்டும் உள்நோக்கி நெருங்கி, பேரிங் எதிர்த்திசையில் நசுங்கும். அதைத் தடுக்க வழியே இருக்காது. செயின் பக்கத்து பேரிங்தான் கேசட்டும் ரோட்டரும் எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது, ஆகவே அது முழுக்க உட்கார வேண்டும். ரோட்டர் பக்கத்து பேரிங்குக்கு எல்லை மேடை அல்ல, ஆக்ஸில் படி.

ஒரு எச்சரிக்கை. காலிப்பரில் 0.01 மிமீ வரை எண் தெரிந்தாலும் ஒவ்வொரு அளவிலும் 0.02, 0.03 பிசகு இருக்கும். மூன்று அளவைக் கழிக்கும்போது அது கூடும். ஆகவே 0.15 என்ற எண்ணை நம்பி அழுத்தக் கூடாது. ஆக்ஸிலா, கூடா, எது நீளம் என்பதை அறிய மட்டுமே அந்த அளவு.

எம்14 வாஷர்

பேரிங்கைக் கூட்டுக்குள் அழுத்தும்போது வெளிவளையத்தில் மட்டும் அழுத்து என்பது எல்லாரும் சொல்லும் விதி. முதல் பேரிங்குக்கு அது முழுக்கச் சரி. உள்ளே ஆக்ஸில் நிற்கும்போது போகிற இரண்டாவது பேரிங்குக்கு, இரு வளையத்தையும் ஒரே நேரத்தில் தொடும் தட்டை முகம் வேண்டும். அப்படி அழுத்தினால் உள்வளையம் படியில் மோதிய கணமே வெளிவளையமும் நின்றுவிடும். இரண்டும் ஒரே மட்டத்தில் இருப்பதால் குண்டுகளுக்குப் பாரமே இல்லை. அளவைப் பற்றிக் கவலைப்படவும் தேவையில்லை.

அந்தத் தட்டை முகம் கடையில் சில காசுக்குக் கிடைக்கிறது. சாதாரண எம்14 தட்டை வாஷரின் உள்விட்டம் 15, வெளிவிட்டம் 28, தடிமன் 2.5 மிமீ. அப்படியே 6902-இன் அளவு. 6903 வைத்திருப்பவர்களுக்கு எம்16 வாஷர்: 17, 30. ஃப்ரீஹப்பின் 6802-க்கு எம்12 வாஷர்: வெளிவிட்டம் 24, உள்விட்டம் 13. வாஷர் துளைக்குள் சிக்காமல் இருக்க வெளி ஓரத்தை 27.6 மிமீக்கு அரத்தால் குறைத்து, ஆக்ஸில் தாராளமாக நுழையும்படி உள்ளோரத்தை 15.5-க்குப் பெரிதாக்கினேன். வாஷர் அச்சில் வெட்டப்பட்டது. ஒரு முகத்தில் பிசிறு இருக்கும், லேசாக வளைந்தும் இருக்கும். கண்ணாடித் துண்டின்மேல் 400 எண் உப்புத்தாள் விரித்து, இரு முகமும் ஒரே நிறமாகும்வரை தேய்த்துவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் இரு வளையமும் ஒரே மட்டம் என்ற பேச்சே பொய்யாகிவிடும்.

இரு பக்கமும் இந்த வாஷர் வேண்டும். ரோட்டர் பக்கத்திலிருந்து வரும் அழுத்தம் ஆக்ஸில் வழியாகச் செயின் பக்கத்து உள்வளையத்துக்குப் போகிறது. அங்கே வெளிவளையத்தை மட்டும் தாங்கினால் அந்த பேரிங் நசுங்கும். ஒவ்வொரு பக்கமும் இரண்டு வாஷர், அதன்மேல் ஆக்ஸில் முனைக்கு உள்ளே இடம்விடும் சாக்கெட், அதன்மேல் நட்டு. சாக்கெட்டுக்கும் நட்டுக்கும் நடுவே கிரீஸ் தடவினால் கை கனப்பை நன்றாக உணரும். ஆறேகால் சுற்றுக்கு மேல் போனதும் கனத்தது. அதற்குமேல் ஒரு இழைகூடத் திருப்பவில்லை.

உடனே அந்தக் கம்பியாலேயே சோதிக்கலாம். ஃப்ரீஹப், மூடிகள் எல்லாம் போட்டு, மரைக்கம்பியை ஆக்ஸில் வழியே விட்டு, மூடிகளை நட்டால் இறுக்கிவிட்டுச் சக்கரத்தைத் திருப்புங்கள். இறுக்கும் முன்பும் பின்பும் ஒரே மாதிரி சுழல வேண்டும். இறுக்கும் முன்பே கனத்தால் ரோட்டர் பக்கம் அதிகம் போய்விட்டது; முன்பு லேசாகச் சுழன்று, இறுக்கியபின் மட்டும் கனத்தால் இன்னும் படியைத் தொடவில்லை, சற்று அழுத்தலாம். முதல் தடவையே இதைச் செய்திருந்தால் வண்டியில் போட்டுக் கண்டுபிடிக்க வேண்டியிருந்திருக்காது.

ஃப்ரீஹப்

இங்கே அதிகம் சொல்ல இல்லை. சர்க்ளிப்பை எடுத்து, நடுவில் உள்ள இடைக்குழலைத் திருப்புளியால் ஒரு பக்கம் ஒதுக்கினால், அடுத்த பேரிங்கின் உள்வளைய ஓரம் தெரியும். பஞ்ச் எனும் தட்டுக்கம்பியை அங்கே வைத்து, எதிரெதிர் இடங்களில் மாற்றி மாற்றித் தட்டினால் வெளியே வரும். போடும்போது அதே விதி: முதல் பேரிங் வெளிவளையத்தால் மேடைவரை, இடைக்குழல், பிறகு இரண்டாவது பேரிங் எம்12 வாஷரால் குழலைத் தொடும்வரை. இடைக்குழலை மறந்துவிட்டு இரண்டாவது பேரிங்கை அழுத்தினால் மறுபடியும் பேரிங் வாங்க வேண்டியதுதான். அழுத்தும் முன் மேசையில் குழல் மிச்சமிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

நாக்குகளுக்கு பேரிங் கிரீஸ் ஆகாது. கெட்டியான கிரீஸில் நாக்கு மெதுவாக எழும்பும். ஏற்றத்தில் மிதிக்கும்போது பல்லில் பாதியாக மாட்டி வழுக்கும். மெல்லிய கிரீஸை ஒரு தூரிகையால் பூச்சு போல மட்டும் தடவுங்கள். ஃப்ரீஹப்பை உள்ளே விடும்போது நாக்குகளை நூலால் சுற்றி அமுக்கிக்கொண்டு, பாதி நுழைந்ததும் நூலை உருவிவிட்டால் மூன்றாவது கை தேவைப்படாது.

கேசட் பூட்டு வளையம் 40 நியூட்டன் மீட்டர். ரோட்டர் போல்ட்டுக்கு நிறுவனத்துக்கு நிறுவனம் அளவு வேறு. ஷிமானோ 2-லிருந்து 4, ஸ்ராம் 6.2. எதிரெதிர் போல்ட்டாக, இரண்டு சுற்றாக இறுக்குங்கள்.

செலவு மொத்தம் 86 வெள்ளி. அதில் வீணாய்ப்போன இரண்டு 6902-க்கு 18 வெள்ளி. நேரம் முதல் முறை ஐந்து மணி நேரம், இரண்டாம் முறை ஒன்றரை மணி நேரம், அதிலும் பாதி வாஷரைத் தேய்ப்பதில் போனது. வாஷர்களை மரைக்கம்பியிலேயே கோத்து நட்டுப் போட்டு வைத்திருக்கிறேன்.

அடுத்த முறை மாற்றிச் செய்ய வேண்டியவை சில. ஆக்ஸிலையும் கூட்டையும் புது பேரிங் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே அளக்க வேண்டும். 6902 இரண்டுக்குப் பதில் மூன்றாக வாங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பேரிங் கெட்டால் திங்கள்வரை கடை திறக்காது. ரோட்டர் பக்கத்து மூடியின் உள்ளோரத்தில் ஒரு வளையம் கிரீஸ் வைத்திருக்கிறேன், சீலுக்கு முன்னால் சேறு வந்து நிற்க ஓர் இடம் வேண்டும் என்று. ஆறு வாரத்துக்கு ஒருமுறை அந்த மூடியை இழுத்து, கிரீஸின் நிறத்தைப் பார்த்துத் துடைத்துவிட்டுப் புதிது வைக்க வேண்டும். மழை அதிகமுள்ள டிசம்பர், ஜனவரியில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை. செஸ்ட்நட் ஈரத்தில் நான்கு சவாரி முடிந்து நேற்று முதல் முறை இழுத்தபோது, கிரீஸின் வெளியோரம் சிவந்திருந்தது, சீலை ஒட்டிய உள்ளோரம் வாங்கிய நிறத்திலேயே இருந்தது.